செவிலி கண்ட இல்லறமும் நிழற்படம் கண்ட இல்லறமும்

பழைய குடும்ப நிழற்படங்களைக் காண்போர் பலரும் ஒரே கருத்தைக் கூறக் கேட்கின்றோம். கணவன் ஒருபால் இறுகிய முகத்தோடு அமர்ந்திருக்கின்றான். மனைவி ஒருபால் நிலம் நோக்கியோ வெறித்தோ நிற்கின்றாள். மக்கள் அச்சத்தோடு வரிசைப்பட நிற்கின்றனர். அக்காலத்து இல்லங்களில் அன்பு புலப்பட இடமே இருந்ததில்லை போலும் என்பது அக்கருத்து. முதுகலை மாணவர்க்கு அகப்பொருட் பாடம் நடத்திய ஓராண்டில், தத்தம் இல்லத்துப் பழைய படங்களைக் கொணருமாறு கூறினோம். வந்த படங்களுள் சிரித்த முகம் ஒன்றேனும் இல்லை. மாணவி ஒருவர் தம் கொள்ளுப்பாட்டனார் குடும்பப் படத்தை மேசைமீது வைத்து, “ஐங்குறுநூறு பாடிய மக்களின் வழிவந்தவர்களா இவர்கள்?” என்று வினவினார். வகுப்புச் சிரித்தது, நாமும் சிரித்தோம். ஆயினும் அவ்வினாவிற்கு அன்று நாம் கூறிய விடை எமக்கே நிறைவு தரவில்லை. அந்நிறைவின்மையே இக்கட்டுரைக்குக் காரணம்.

படத்தின் இறுக்கத்தை வாழ்வின் இறுக்கமாகக் கொள்ளுதல் சான்றினைப் பிழைபடப் படித்தலாகும் என்பது எம் கருத்து. இலக்கியத்திற்கு அகம் புறம் எனப் பாகுபாடு கண்ட நாம், நிழற்படத்திற்கும் அப்பாகுபாட்டைப் பொருத்திக் காணல் வேண்டும். குடும்பப்படம் வீட்டினுள்ளே தொங்குவது. எனினும் அது புறத்தின்பாற்பட்டது. அதனிடம் அகத்தை எதிர்பார்ப்போர் ஏமாற்றமடைதல் இயல்பே.

முதற்கண் அகத்தின் படத்தைக் காண்போம். தலைவி மணம் முடித்துத் தனிமனை புகுந்தபின் அவளை வளர்த்த செவிலி அம்மனைக்குச் சென்று, சில நாள் உடனிருந்து, மீண்டுவந்து நற்றாய்க்குத் தான் கண்டதைக் கூறுதல் பழம்பாடல்களில் ஒரு துறை. பெற்றவள் செல்லவில்லை, வளர்த்தவளே செல்கின்றாள். பெற்றவள் அறிய விரும்புவது ஒன்றே: தன் மகள் புதிய இல்லத்தில் எவ்வாறு பொருந்தியிருக்கின்றாள்? செவிலி அதற்கு நீண்ட விடை கூறுவதில்லை. ஒரு காட்சியைக் கூறி அமைகின்றாள். குறுந்தொகையில் கூடலூர்கிழார் பாடிய பாட்டொன்று இத்தகையது. செல்வ மகளாய் வளர்ந்தவள் தன் கையால் தயிரைப் பிசைகின்றாள். பிசைந்த விரலைத் துடைத்த ஆடையை மாற்றவும் நேரமில்லை. தாளிப்பின் புகை கண்ணில் படிகின்றது. தான் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் சுவைத்துப் பாராட்ட, அவள் முகம் சிறிதளவே மலர்கின்றது. மிகுதியாக மலரவில்லை என்பதே அப்பாட்டின் நுட்பம். உற்று நோக்கும் கண்ணுக்கு மட்டுமே அம்மலர்ச்சி புலனாகும்.

குறுந்தொகைப் பாட்டில் குழந்தை இல்லை. குழந்தை பிறந்தபின் அதே செவிலி மீண்டும் செல்கின்றாள். ஐங்குறுநூற்றில் முல்லைத்திணைக்குரிய நூறு பாட்டுக்களையும் பாடியவர் பேயனார். அந்நூற்றுள் முதற்பத்து ‘செவிலி கூற்றுப் பத்து’ என்னும் பெயருடையது. பாட்டு ஒவ்வொன்றும் சில அடிகளே கொண்டது. எனினும் பத்தினையும் ஒருசேரப் படிப்போர் ஒரு வீட்டின் பல பொழுதுகளைப் பார்த்தவர் ஆவர். ஆண்மானும் பெண்மானும் குட்டியை இடையிற் கிடத்தினாற்போல மூவரும் படுத்திருக்கும் இரவு ஒன்று. மகனைத் தாய் தழுவ, அவள் முதுகினைக் கணவன் தழுவிக் கிடக்கும் பொழுது ஒன்று. தாய் பாலூட்டுகையில் கணவன் பின்னிருந்து அணைக்கும் பொழுது மற்றொன்று. பிறிதொரு பாட்டில் மகன் சிறு தேரை உருட்டியவாறு தள்ளாடி நடந்து வருகின்றான்; அவன் பாட்டனின் பெயர் பூண்டவன்; அவனைக் காணுந்தோறும் மனைவியிடத்து உள்ள அன்பினும் மகனிடத்து உள்ள அன்பு தந்தைக்கு மிகுகின்றது. இறுதிப் பாட்டில் மாலைவேளை, வீட்டு முற்றம், உயரமில்லாத கட்டில், அருகில் மனைவி, சாய்ந்திருக்கும் தந்தையின் மார்பின்மேல் ஏறி ஊர்கின்றான் மகன்.

இப்பத்தினைப் பற்றிக் கூற வேண்டியது பலவாயினும் எம் பொருளுக்கு உரியவை சிலவே. முதலாவது, இவற்றுள் எவரும் எவருக்காகவும் அமர்ந்திருக்கவில்லை. கணவனும் மனைவியும் செவிலியின் கண்ணை நினைந்தவர்களாகத் தோன்றவில்லை. செவிலி அயலாள் அல்லள் ஆதலின் அவள் முன்னிலையில் இல்லம் தன் இயல்பை மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டாவது, குழந்தை பெரும்பாலும் இடையில் இருக்கின்றது. பெரும்பாலும் அசைந்துகொண்டும் இருக்கின்றது. மூன்றாவது, இம்மூவருக்கும் பெயர் இல்லை. அகப்பாட்டினுள் ஒருவர் பெயரைச் சுட்டுதல் ஆகாது என்பது தொல்காப்பியர் கண்ட மரபு. பெயரற்ற மூவர் ஆதலின் அது எவ்வில்லமும் ஆகலாம்.

குழந்தையின் அசைவு பற்றி மேலும் ஒரு சான்று கூறலாம். புறநானூற்றில் பாண்டியன் அறிவுடைநம்பி பாடிய பாட்டு மக்கட்பேற்றின் சிறப்பைக் கூறுவது. அது குழந்தையின் அழகைக் கூறவில்லை; நிறத்தையோ கண்ணையோ வருணிக்கவில்லை. அடியெடுத்து வைத்தல், கையை நீட்டுதல், உணவைத் தொடுதல், வாயிற் கவ்வுதல், கலத்திற் கையிட்டுக் குழப்புதல், நெய்ச்சோற்றை மேலெல்லாம் பூசிக்கொள்ளுதல் எனச் செயல்களையே அடுக்கிச் செல்கின்றது. வினைகளால் இயன்ற குழந்தை அது. வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை உடையோர் இதன் உண்மையை நன்கு அறிவர். இக்கட்டுரையை எழுதும் மேசையின்கீழேயே எமக்கு அச்சான்று கிடைக்கின்றது.

சொல்லில் இங்ஙனம் அமைந்த குடும்பப்படம் கல்லில் தெய்வத்திற்கு மட்டும் வாய்த்தது. சிவனும் உமையும் அமர்ந்திருக்க இடையில் முருகன் குழந்தையாய் இருக்கும் சோமாஸ்கந்த வடிவம் பல்லவர் காலத்துச் சிறப்பு. இராசசிம்மன் காலத்துக் கோயில்களில், காஞ்சிக் கைலாசநாதர் கோயிலிலும் மாமல்லைக் கடற்கரைக் கோயிலிலும், அது கருவறைப் பின்சுவரிலேயே இடம்பெற்றது. சோழர் செப்புத்திருமேனிகளில் அக்குழந்தை தாய் தந்தையரிடையே எழுந்து நிற்கவும் ஆடவும் தொடங்கியது. ஆனால் அதே மாமல்லையில் ஆதிவராகர் குகையில் உள்ள அரசர் உருவங்களைக் காண்க. சிம்மவிட்ணு என்றும் மகேந்திரன் என்றும் பெயர் பொறிக்கப்பெற்ற இரு மன்னரும் தத்தம் தேவியர் இருவரோடு காட்சியளிக்கின்றனர். குழந்தை இல்லை. ஆண்டவனைக் குழந்தையோடு வடித்த உளி, ஆள்வோனைக் குழந்தையோடு வடிக்கவில்லை. மன்னன் உருவம் பெயரும் பெருமையும் காட்டுவதற்கு எழுந்தது, புறத்துறை அது. பிற்காலத்துக் குடும்ப நிழற்படம் இவ்விரண்டனுள் எதன் வழியில் வந்தது என்று வினவின், ஆதிவராகர் குகையின் வழியில் வந்தது என்றே கூறுவோம்.

1839ஆம் ஆண்டு பாரிசு நகரில் தாகேர் கண்ட முறை உலகிற்கு அறிவிக்கப்பெற்றது. இருபது ஆண்டிற்குள் சென்னையில் காமிரா வேரூன்றிவிட்டது. ஓவியப் பள்ளியைத் தோற்றுவித்த அலெக்சாந்தர் ஃகண்டர் முதலியோர் முயற்சியால் 1856இல் சென்னை நிழற்படக் கழகம் அமைந்தது. அதே ஆண்டில் இலின்னேயசு திரைப்பு என்னும் படைத்தலைவர் சென்னை அரசின் நிழற்படக்காரராக அமர்த்தப்பெற்று, 1858இல் மதுரை, தஞ்சை, திருச்சி முதலிய இடங்களைப் படம் எடுத்தார். அவர் படங்களில் கோபுரங்களும் தூண்களும் குளங்களும் மலைகளும் உள. அவை அழகியவை, ஆனால் பெரும்பாலும் ஆளற்றவை. பின்னர் அரசினர் மக்களைப் படம் எடுக்க முற்பட்டபோது, 1868 முதல் 1875 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்த ‘இந்திய மக்கள்’ என்னும் நூலிலும், 1909இல் தர்சுடனும் அரங்காச்சாரியும் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய ஏழு தொகுதிகளிலும், மனிதர் குலத்தின் மாதிரிகளாக நின்றனரே அன்றிக் கணவன் மனைவி மக்களாக நிற்கவில்லை. தமிழர் இல்லம் தன்னைத் தானே காண விரும்பிக் காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டது நிழற்படக் கூடங்கள் ஊர்தோறும் தோன்றிய பின்னரே ஆகும். மக்கள் அவற்றை ஸ்டூடியோ என்றே வழங்கினர், இன்றும் வழங்குகின்றனர்.

படமெடுக்கும் கருவியின் தன்மையை அறியாது படத்தைப் படித்தல் இயலாது. தாகேர் முறையில் தொடக்கத்தில் ஓர் உருவம் பதிய நிமிடக் கணக்கில் அசையாதிருத்தல் வேண்டும். 1851இல் ஆர்ச்சர் என்பார் கண்ட ஈரத்தகட்டு முறையில் அது நொடிக்கணக்காகக் குறைந்தது. ஆயினும் ஒளி மங்கிய கூடத்தில் பத்து நொடி, இருபது நொடி கூட ஆகும். கண்ணாடித் தகட்டில் மருந்தினைப் பூசி, அது உலருமுன் படமெடுத்து, அப்போதே கழுவிவிடல் வேண்டும். நம் நாட்டு வெயிலில் மருந்து விரைந்து உலரும் என்பதைக் கூற வேண்டுவதில்லை. அமர்ந்திருப்போர் தலை அசையாதிருத்தற்பொருட்டு இரும்புக் கால் ஒன்றனைப் பின்னே நிறுத்தி அதன் கவையில் பிடரியைப் பொருத்துவர். இருபது நொடி சிரித்த முகத்தை வைத்திருக்க எவரானும் இயலுமோ? வாசகர் ஒருமுறை கண்ணாடி முன் நின்று முயன்று பார்க்கலாம். ஐந்தாம் நொடியில் சிரிப்பு வேறொன்றாகிவிடும். இறுகிய வாயே நெடுநேரம் நிலைக்க வல்லது.

குழந்தையின் நிலை இன்னும் கடினம். அறிவுடைநம்பி பாடிய குழந்தையை இருபது நொடி நிறுத்துவது எங்ஙனம்? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதற்கொரு வழி கண்டனர். தாய் நாற்காலியில் அமர்ந்து குழந்தையை மடியில் பற்றிக்கொள்வாள். அவள் தலை முதல் அடி வரை கரிய துணியையோ பூவேலைத் திரையையோ போர்த்திவிடுவர். படத்தில் குழந்தை தெரியும். தாய் இருக்கைபோலத் தோன்றுவாள். அத்தகைய படங்கள் இன்றும் மிகுதியாகக் கிடைக்கின்றன. உற்று நோக்கின் துணிக்கு வெளியே தாயின் விரல்கள் குழந்தையின் இடுப்பைப் பற்றியிருத்தலைக் காணலாம். படம் எடுத்தோர் மறைக்க விரும்பியது அவ்விரல்களையே. நாம் தேடுவதும் அவ்விரல்களையே.

1871இல் மடாக்சு என்னும் மருத்துவர் உலர்தகட்டிற்கு வழிகாட்டினார். 1880களில் அது பரவியபின் நல்ல வெளிச்சத்தில் நொடியின் சிறு கூறே போதுமானதாயிற்று. 1888இல் கோடக் காமிராவும், 1900இல் ஒரு டாலர் விலையில் பிரௌனி என்னும் பெட்டிக் காமிராவும் வந்தன. அவை வந்தபின் மேலைநாட்டார் தம் பிள்ளைகள் ஓடுவதையும் விழுவதையும் தாமே படமெடுக்கத் தொடங்கினர். இங்கு அவ்வாறு நிகழவில்லை. காமிரா நெடுங்காலம் கூடத்துக்காரர் கையிலேயே இருந்தது. 1920களிலும் 1950களிலும் நம் ஊர்களில் எடுக்கப்பெற்ற படங்களில் கருவியின் பொருட்டு இறுகியிருக்க வேண்டிய தேவை பெரிதும் இல்லை. ஆயினும் முகங்கள் இறுகியே உள்ளன. இது எம் கருத்திற்கு மாறான சான்று என்று கூறுவோர் உளர். கருவியே முழுக் காரணம் என்று நாம் கூறியிருந்தால் அவர் கூற்று பொருந்தும். கருவி தொடங்கிவைத்ததைப் புறத்துறை மரபு நிலைநிறுத்தியது என்பதே எம் கருத்து.

எப்போது குடும்பத்தார் படம் எடுத்துக்கொண்டனர் என்பதை எண்ணுக. திருமணத்தின்போது, அறுபதாம் ஆண்டு நிறைவின்போது, மகன் பர்மாவிற்கோ மலேயாவிற்கோ இலங்கைக்கோ கப்பலேறுமுன், சென்றவன் மீண்டபின். இவை இல்லம் ஊருக்கு முன் நிற்கும் நாள்கள். அன்று வீட்டார் தம்மைத் தாம் காணவில்லை. தம்மைக் காணப்போவோரைக் கண்டனர். முதியவர் நடுவே அமர்வர். அவர் கையில் தடியோ புத்தகமோ இருக்கும். மூத்த மகன் வலப்புறம் நிற்பான். சட்டைப்பையில் கடிகாரச் சங்கிலி தெரிய வேண்டும். மருமகள்கள் வயது முறையே பின்வரிசையிற் புடைவைக்கரை தெரிய நிற்பர். சிறுவர் தரையிற் பாய்மீது. பின்னே தொங்கும் திரையில் தீட்டிய மாளிகைப்படியும் பூந்தொட்டியும் எவர் வீட்டிலும் இல்லாதவை. கோட்டு பல சமயம் கூடத்துக்காரருடையது. இவ்வரிசை முறையை நன்கறிந்தவர் ஒரு படத்தைக் கண்ட அளவில் யார் மூத்தவர், யார் வீட்டோடு மருமகன், யாருக்கு இன்னும் பிள்ளையில்லை என்றெல்லாம் கூறிவிடுவர். படத்தின் பின்புறம் பெயர்களும் ஆண்டும் எழுதப்பெறும். பெயர் வந்தவுடன் அகம் நீங்கிற்று. கல்வெட்டின் மெய்க்கீர்த்தியில் மன்னன் தன் பிள்ளையோடு விளையாடியதைத் தேடுவார் எவரும் இலர். குடும்பப்படம் ஒரு வீட்டின் மெய்க்கீர்த்தி.

இனி, புறத்துறையினுள் அகம் புகுந்த இடம் உண்டா எனின், உண்டு. பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்தார். 1904இல் பிறந்த தங்கம்மாளும் 1908இல் பிறந்த சகுந்தலாவும் வளர்ந்த காலம் அது. வறுமையும் ஒற்றர் தொல்லையும் சூழ்ந்த அவ்வாழ்க்கையிலேயே பாப்பாப் பாட்டும் கண்ணன் பாட்டும் எழுந்தன. கண்ணன் பாட்டில் கண்ணனை விளையாட்டுப் பிள்ளையாகவும் கண்ணம்மாவைக் குழந்தையாகவும் கண்ட கண் வீட்டினுள் பழகிய கண் என்பதில் ஐயமில்லை. பாரதியாரின் படங்களாக நமக்குக் கிடைத்துள்ளவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று அவரும் செல்லம்மாளும் உடனிருக்கும் படம். அதில் அவர் தம் மனைவியின் தோளில் கை வைத்துள்ளார். இன்று அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. அன்றைய குடும்பப்படங்கள் நூறு கண்டவர்க்கே அதன் அருமை விளங்கும். அவற்றுள் கணவன் கை தன் முழந்தாளின்மீதோ நாற்காலிக் கையின்மீதோ தடியின்மீதோ இருக்கும். மனைவியின் தோளின்மீது இராது. ஆயினும் இப்படத்திலும் முகங்கள் இறுகியே உள்ளன என்பதை மறத்தல் கூடாது. முகம் மரபிற்கு அடங்கியது, கை அடங்கவில்லை. பாரதியார் வீட்டில் அன்பு இருந்ததென்பதற்கு அக்கை சான்று. பிறர் வீடுகளில் இல்லையென்பதற்கு அது சான்றாகாது. இதனைச் சிலர் பிறழக் கொள்கின்றனர்.

குழந்தையைத் தனியே எடுத்த படங்கள் வேறு வகையின. இவற்றில் தமிழ்மரபு தெளிவாகப் புலப்படுகின்றது. பிள்ளைத்தமிழ் குழந்தையைப் பத்துப் பருவங்களிற் காண்பது. மூன்றாந் திங்கள் முதல் இருபத்தோராந் திங்கள் வரை ஒற்றைப்பட்ட திங்கள்களைப் பாட்டியல் நூலார் அப்பருவங்களுக்கு உரியனவாகக் கூறுவர். பருவம் ஒவ்வொன்றும் ஒரு செயல்: தலையசைத்தல், கைகொட்டுதல், நடந்து வருதல், நிலவை அழைத்தல், பறை கொட்டல், தேர் உருட்டல். பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் குலோத்துங்கன்மீது பாடியது தொடங்கிப் புலவர்கள் இங்ஙனம் ஒரு குழந்தையின் படத்தொகுப்பை வரிசைப்படுத்தி வந்தனர். நம் ஸ்டூடியோக்களில் ஐந்தாறு மாதக் குழந்தையைக் குப்புறக் கிடத்தி, அது இருகையும் ஊன்றித் தலை நிமிர்த்தும் நொடியிற் படமெடுக்கும் வழக்கம் பலரும் அறிந்தது. அரைஞாணும் கன்னத்து மைப்பொட்டும் அன்றி வேறு அணியில்லை. அந்நிலை செங்கீரைப் பருவத்திற்கு மிக அணுகியது. கூடத்துக்காரர் பிள்ளைத்தமிழ் படித்து இதனைச் செய்தார் என்று நாம் கூறவில்லை. குழந்தை வளர்ப்போர் எந்நிலையைக் கண்டு மகிழ்ந்தனரோ அந்நிலையைப் புலவரும் கண்டனர், படக்காரரும் கண்டனர். அதன்பின் மொட்டையடிக்குமுன் ஆண்பிள்ளைக்கும் பூச்சூட்டிப் பாவாடை உடுத்தி ஒரு படம்; கண்ணன் வேடத்தில் ஒரு படம். இவற்றில் குழந்தை சிரிக்கின்றது. படக்காரர் கிலுகிலுப்பையை ஆட்டிச் சிரிக்க வைக்கின்றார். பெரியோரைச் சிரிக்கச் சொல்லாத படக்காரர் குழந்தையைச் சிரிக்க வைக்க அத்துணைப் பாடுபட்டார் என்பது கருதத்தக்கது. படமெடுத்தால் வாழ்நாள் குறையும் என்று அஞ்சிய பாட்டிமாரும் இப்படத்திற்கு மட்டும் இசைந்தனர்.

ஈண்டு சங்கப்பாட்டின் குறை ஒன்றையும் கூறுதல் கடன். செவிலி கண்ட காட்சிகளில் உள்ள குழந்தை மகனே. தேர் உருட்டுபவனும் மார்பில் ஊர்பவனும் புதல்வன். மகள் அவ்விடத்தில் இல்லை. அவள் வளர்ந்து உடன்போக்கிற் சென்றபின், அவள் விட்டுச்சென்ற பந்தையும் பாவையையும் கண்டு தாய் அழும் பாலைப் பாட்டுக்களிலேயே அவள் குழந்தைமை நமக்குத் தெரிகின்றது. நிழற்படம் இக்குறையை ஓரளவு நீக்கிற்று. தாழம்பூவும் மல்லிகையும் வைத்துத் தைத்த சடையோடு சிறுமியை நிறுத்தி, பின்னே நிலைக்கண்ணாடி வைத்து, முகமும் சடையும் ஒரே படத்தில் விழுமாறு எடுத்தல் நம் ஸ்டூடியோக்களில் வழங்கிய நல்லதொரு முறை. தாய் காலை முழுதும் உட்கார்ந்து தைத்த சடை மாலைக்குள் வாடிவிடும். அவ்வுழைப்பைப் பதிந்துவைக்க வேறு வழியில்லை. அப்படத்தில் தாய் இல்லை. ஆனால் கண்ணாடியில் தெரிவது முழுதும் அவள் கைவேலை.

இத்தகைய படங்கள் பல அழிந்தன. கண்ணாடித் தகடுகள் உடைந்தன. ஈரத்தால் மருந்துப்படலம் உரிந்தது. கூடங்கள் மூடப்பெற்றபோது பெட்டி பெட்டியாக எறியப்பெற்றன. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிசு நூலகத்தின் உதவியோடு, தமிழகத்து ஸ்டூடியோக்களிலும் இல்லங்களிலும் எஞ்சியவற்றைத் தேடி எண்ணுருவாக்கியுள்ளனர். அது போற்றத்தக்க பணி. ஆயினும் தொகுப்பிற் சேர்ந்த படத்தோடு செவிலியின் சொல் சேரவில்லையாயின் பாதியே கிடைத்ததாகும். வீட்டில் இருந்தோர் எவரேனும் உயிரோடு இருக்கும்போது அருகமர்ந்து கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும்.

அதற்கு எம் இல்லத்துப் படம் ஒன்றைச் சான்றாகத் தருவோம். எம் பாட்டியாரின் தந்தையார் குடும்பப்படம் அது. அட்டையின் பின்னே கரிக்கோலால் 1927 என்று எழுதியுள்ளது. ஊரூராகச் சென்ற படக்காரர் ஒருவர் வீட்டு முற்றத்தில் முக்காலி நாட்டி, கரும்போர்வைக்குள் தலையை விட்டு, கண்ணாடியின் மூடியைக் கையால் எடுத்து எண்ணி மீண்டும் மூடி எடுத்தது. பூட்டனார் நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்துள்ளார். கண்ணில் கனிவு சிறிதும் இல்லை. பூட்டியார் அருகே நிற்கின்றார். ஆறு வயதுச் சிறுமியாகிய எம் பாட்டியார் ஒருபுறம் கைகட்டி நிற்கின்றார். நாற்காலியின் காலருகே தரையில் ஒரு வெண்புகை போன்ற கறை உளது. சிறு பாவாடை ஒன்று தெளிவாக விழுந்திருக்கின்றது. அதற்குமேல் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மங்கல்.

எம் மாணவி இப்படத்தைக் கண்டிருந்தால் தம் வினாவை மேலும் உரத்துக் கேட்டிருப்பார். நாமும் நெடுநாள் அங்ஙனமே எண்ணியிருந்தோம். பாட்டியார் தம் எண்பதாம் வயதில் ஒருநாள் அதன் செய்தியைக் கூறினார். அம்மங்கல் அவர் தங்கை. அப்போது இரண்டு வயது. மூடியை எடுத்தவுடன் குழந்தை தந்தையை நோக்கித் திரும்பித் தூக்குமாறு கைநீட்டிற்றாம். அசையக்கூடாது என்று படக்காரர் கட்டளையிட்டிருந்தமையின் தந்தை அசையவில்லை. மூடி போட்ட அக்கணமே எழுந்து குழந்தையை வாரியெடுத்துத் தோளிற் போட்டுக்கொண்டு தெருவாயில் வரை நடந்தாராம். அவர் எல்லார் முன்னிலையிலும் பிள்ளையைத் தூக்கியதை அன்றுதான் கண்டதாகப் பாட்டியார் கூறினார். குழந்தை அசைந்துவிட்டது, இன்னொரு தகடு எடுக்கலாம் என்றார் படக்காரர். தகட்டிற்குத் தனி விலை. பூட்டனார் வேண்டா என்றுவிட்டார்.

மறு ஆண்டு மழைக்காலத்தில் அக்குழந்தை காய்ச்சலால் இறந்தது. அதற்கு வேறு படம் இல்லை. படம் அதுவரை கூடத்தில், வருவோர் காண, நிலைக்குமேல் மாட்டப்பெற்றிருந்தது. பூட்டனார் அதனைக் கழற்றிக்கொண்டு போய்த் தாம் படுக்கும் அறையில், கால்மாட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டார். அவர் இறந்தபின் அறையைத் தூய்மை செய்தபோதுதான் பாட்டியார் அதனை மீண்டும் அணுகிப் பார்த்தாராம். கண்ணாடியில், அம்மங்கல் இருக்கும் இடத்தில் மட்டும், விரல் பட்டுப் பட்டு எண்ணெய்ப்பிசுக்குப் படிந்திருந்தது என்றார்.